ஒரு நம்பருக்கு ஒரு அளவு

கம்ப்யூட்டரில் மவுஸைத் தொடுகிறவர்களை ராம்குமார் மனிதர்களாகவே மதிப்பதில்லை. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, விரல் நுனியில் கட்டளை, இவ்வளவுதான் வேலை என்பான். மற்றதெல்லாம் பொம்மை பார்த்துச் சொடுக்குகிற விளையாட்டு. பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு நகைக்கடையின் மாடியில் இருந்தது அவன் ஆபீஸ். அங்கே அவன் மேஜையில் மட்டும் மவுஸ் கிடையாது. கம்பெனி கொடுத்ததை ஒயரோடு சுருட்டி டிராயருக்குள் போட்டு வைத்திருந்தான். யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் அதை வெளியே எடுத்துக் காட்டி, "உனக்கு இது வேணுமா? எடுத்துக்கோ. எங்க கடையில கால்குலேட்டர்கூட இருக்கு, அதையும் கொண்டாந்து தரேன்" என்பான். வந்தவர் சிரிக்க வேண்டும். வேலை வேண்டுமே, சிரித்துத் தொலைப்பார்கள்.

இந்த இளக்காரம் அவனுக்கு நேற்று வந்ததில்லை. அப்பா அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் பாத்திரக்கடை போட்டவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே வாடிக்கையாளர்களைப் பற்றி மகன்களிடம் முணுமுணுப்பார். "இவ வாங்க மாட்டா, தட்டிப் பாக்கதுக்குன்னே வந்திருக்கா." அந்த முணுமுணுப்பில் வளர்ந்த பிள்ளை, வாடிக்கையாளர்களோடு நிற்காமல் அப்பாவையும் சேர்த்து இளக்காரமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அப்பா போன பிறகு கடை அண்ணனிடம் போயிற்று. அம்மா சண்முகவடிவு ராம்குமாரோடு கே.கே. நகர் வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்லாப்பெட்டி வேண்டாம் என்று ஓடிவந்தவன், கல்லாப்பெட்டிப் புத்தியை மட்டும் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்திருந்தான்.

கடைக்காரர்களைப் பற்றி அவனுக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. அதனால் கல்யாணமான புதிதிலேயே மனைவி தாரணிக்கு ஒரு சட்டம் போட்டான்.

"எந்தக் கடையில கேட்டாலும் உன் நம்பரைக் குடுக்காதே. குடுத்தா காலையில குட் மார்னிங், ராத்திரி குட் நைட்டுன்னு ஆரம்பிப்பானுங்க. என் நம்பரைச் சொல்லு. அம்மா, நீயும்தான். இவனுங்க புத்தி எனக்குத் தெரியும், நானே கடைக்காரன் வீட்டுலதானே பொறந்தேன்."

இதில் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊரில் பாதி வீடுகளில் இதே சட்டம்தான். புடவைக் கடையில், மருந்துக் கடையில், பியூட்டி பார்லரில் பில் போடுகிற பெண் நம்பர் கேட்டால், அம்மா, மருமகள், மகள், நாத்தனார் எல்லோர் வாயிலிருந்தும் வீட்டு ஆம்பளையின் நம்பர்தான் மந்திரம் மாதிரி வரும். தன் நம்பரையே மறந்துபோய் புருஷன் நம்பரை மட்டும் கடகடவென்று சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். அதன் பலனாக ராம்குமாரின் போனில் நாள் முழுக்க மெசேஜ் வந்து விழும். உங்கள் பேஷியலுக்கு நேரம் வந்துவிட்டது, உங்கள் பிளவுஸ் ரெடி, ஆடித் தள்ளுபடி. எந்தக் கடை, என்ன விஷயம் என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல் கட்டைவிரலால் தள்ளி அழிப்பான். அழிக்கும்போது உதட்டை ஒரு பக்கமாகக் கோணுவான். தாரணி அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிப் போயிருந்தாள்.

ஆனி மாதம் சாய்சரண் ஒரு வேலை பிடித்துக்கொண்டு வந்தான். சாய்சரண்தான் கம்பெனி முதலாளி. ராம்குமாரோடு ஒரே காலேஜில் படித்தவன். ஒரு வரி புரோகிராம் உருப்படியாக எழுதத் தெரியாததால்தான் முதலாளி ஆனான் என்பது ராம்குமாரின் கட்சி.

"மச்சி, லேடீஸ் டெய்லர். மயிலாப்பூர்ல ஒண்ணு, அடையாறுல ஒண்ணு, நம்ம தி. நகர்ல ஒண்ணு. பழைய சாஃப்ட்வேர்ல அளவெல்லாம் மாட்டிக்கினு கீது. எந்தக் கடைக்குப் போய் நம்பர் சொன்னாலும் அளவு டக்குனு வரணுமாம்."

"ஜாக்கெட் அளவுக்கு நான் டேட்டாபேஸ் கட்டணுமா?"

"ஆவணி முகூர்த்தத்துக்குள்ள ஒழுங்கா முடிச்சுக் குடு. கடை ஓனரம்மா சொன்னா பாண்டி பஜார்ல பாதி கடை நம்மகிட்ட வந்துடும். இது மட்டும் நல்லபடியா ஓடட்டும், டெக்னிக்கல் ஹெட்னு உன் பேரைப் போட்டுடறேன்."

ராம்குமாருக்கு அந்தப் பதவி வேண்டும். ரொம்ப நாளாக வேண்டும், இப்போது அவசரமாகவே வேண்டும். தாரணியின் தங்கை ஜெயஸ்ரீக்கு ஆவணியில் கல்யாணம். கோட்டூர்புரத்தில் மாமனார் வீட்டில் தாரணியின் அண்ணன் அஸ்வினைத்தான் எல்லோரும் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். அஸ்வின் பேங்க் ஆபீசர். அவன் எக்செல் ஷீட்டை மவுஸால் மேலும் கீழும் உருட்டுவதை ராம்குமார் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். அந்த உருட்டலுக்கு ஆபீசர் பட்டம், தனக்கு வெறும் 'சாஃப்ட்வேர்ல இருக்கார்' என்ற ஒரு வரி! கல்யாண மண்டபத்தில் டெக்னிக்கல் ஹெட்டாக நுழைந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான். ஜாக்கெட் அளவென்றாலும் பரவாயில்லை என்று வேலையை எடுத்துக்கொண்டான்.

கடையின் பேர் நிசா லேடீஸ் டெய்லர்ஸ். சொந்தக்காரி அஸ்மத்துன்னிசா மயிலாப்பூர் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். லஸ் கார்னரிலிருந்து குளக்கரை வரை அவளைத் தெரியாத பெண்கள் கிடையாது. அவளுக்கும் உலகத்தில் யாரையும் பிடிக்காது. அளவு ஜாக்கெட்டோடு வந்து நிற்கிறவர்களையும் பிடிக்காது, அளவு ஜாக்கெட் கொண்டுவராதவர்களையும் பிடிக்காது. ராம்குமார் பையை மாட்டிக்கொண்டு நுழைந்ததும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"இதுக்கு முந்தி ஒருத்தன் வந்தான் தம்பி. உன்ன மாதிரியேதான், தோள்ல பை, காதுல ஒயரு. போனவன் போனவன்தான்."

"அவனுக்கு வேலை தெரிஞ்சிருக்காது மேடம்."

"உனக்கு?"

"எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். வேற எதுவும் தெரியாது" என்றான் ராம்குமார். அடக்கமாகச் சொன்னதாக அவனுக்கு நினைப்பு.

"அப்ப கேட்டுக்கோ. என் கடைக்கு வர்றவங்க பெரிய வீட்டுப் பொம்பளைங்க. உன் பேரு இன்னா, உன் தெரு இன்னான்னு கவுண்டர்ல நிக்க வெச்சு கேட்டா மூஞ்சி சுளிப்பாங்க. நம்பர் சொல்லணும், அளவு வரணும். பஸ், அவ்ளோதான்."

"நம்பர் மட்டும் போதும். பேரே தேவையில்ல" என்றான் ராம்குமார். அவளுக்கு அது பிடித்தது. ஒருத்தரை ஒருத்தர் அற்பமாக நினைத்த இரண்டு பேரும், வாடிக்கையாளர்களை அற்பமாக நினைப்பதில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

கவுண்டரில் இருக்கிற பெண்கள்மீது அவனுக்கு அதைவிடக் குறைவான மதிப்பு. அளவைத் திரையில் காட்டினால் எதையாவது அழுத்தி மாற்றித் தொலைப்பார்கள் என்று, நம்பரைப் போட்டால் ஒரு பச்சை டிக் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தான். பச்சை டிக் வந்தால் அளவு இருக்கிறது என்று அர்த்தம். அளவு நேராக ராயப்பேட்டையில் இருக்கிற கட்டிங் பட்டறைக்குச் சீட்டாகப் போய் அச்சாகிவிடும். அங்கே மாஸ்டர் சீட்டைப் பார்த்து வெட்டுவார். யாருடைய பிளவுஸ், அவள் குண்டா ஒல்லியா, எதுவும் மாஸ்டருக்குத் தெரியாது.

அவன் தேர்ந்தெடுத்த டேட்டாபேஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கபாலி கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டோக்கன், ஒரு ஜோடி செருப்பு. டோக்கனை நீட்டினால் தேடாமல் கொள்ளாமல் செருப்பு கைக்கு வந்துவிடும். இந்த டேட்டாபேஸும் அதே மாதிரிதான், அதனால்தான் அவ்வளவு வேகம். இங்கே போன் நம்பர்தான் டோக்கன், அளவுதான் செருப்பு. ஒரே ஒரு வித்தியாசம். ஏற்கெனவே செருப்பு இருக்கிற டோக்கனில் இன்னொரு ஜோடியைக் கொண்டுபோய் வைத்தால், கோயில் ஆள் சத்தம் போடுவார். இந்த டேட்டாபேஸ் சத்தம் போடாது. பழைய ஜோடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டு 'ஓகே' என்று மட்டும் சொல்லும்.

ராம்குமாருக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். இதைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவன். ஆனால் ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை ஒரு நம்பர் என்றால் ஒரு ஆண்பிள்ளை.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் அளவுகளை ஏற்றினான். மூன்று கடைக் கோப்புகளையும் ஒன்றாக ஒட்டினான். ஒரு பெண்ணுக்கு ஒரு வரி. நம்பர், பேர், மார்பளவு, இடுப்பு, தோள், கை. பேர்கள் வந்த லட்சணத்தைப் பார்த்து ஆபீஸ் முழுவதும் கேட்கப் படித்தான். "ராஜி பொண்ணு. மாடி வீட்டு மாமி. குண்டு ஜெயா. இது ஒரு டேட்டாவாடா?" பிறகு ஒவ்வொரு வரியையும் ஒரு கட்டளையாக மாற்றுகிற மாதிரி ஒரு சின்ன வித்தையை ஒரே வரியில் எழுதி, அத்தனையையும் குழாயில் தண்ணீர் விடுகிற மாதிரி டேட்டாபேஸுக்குள் விட்டான். என்ட்டரைத் தட்டி, கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. திரையில் வந்தது: எர்ரர்ஸ், ஜீரோ.

"பாத்தியா? மவுஸ் கேஸுங்க கையில குடுத்திருந்தா தீபாவளி வரைக்கும் தட்டிக்கினு இருந்திருப்பானுங்க."

சாய்சரண் காபியோடு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். ராம்குமார் உள்ளே எத்தனை இருக்கிறது என்று கேட்டிருந்தான். டேட்டாபேஸ் சொன்ன எண்ணிக்கை, கோப்பில் இருந்த வரிகளில் ஏறக்குறைய பாதி.

"இன்னா மச்சி, பாதியக் காணோம்?"

"காணோம் இல்லடா, கழிச்சிருக்கேன். அந்தக் கடைப் பொண்ணுங்க ஒரே ஆளை நாலு தடவை, அஞ்சு தடவை ஏத்தி வெச்சிருக்குங்க. குப்பை. என் சிஸ்டம் தானா பெருக்கித் தள்ளிடுச்சு."

சாய்சரண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது, கேட்டாலும் பிரயோஜனமில்லை. பாதியைக் காணோம் என்ற விஷயம் ராம்குமாரின் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. அதில் அடுத்தவர்களின் மடத்தனம்தான் அவனுக்குத் தெரிந்தது. அடுத்தவர்கள் முட்டாள்கள் என்று ஏற்கெனவே முடிவு கட்டியவனுக்கு எதைக் காட்டினாலும் அதற்குச் சாட்சியாகத்தான் தெரியும்.

சரிபார்க்கவும் செய்தான். அதில்தான் வேடிக்கை. ஒரு கோப்பைத் திறக்காமல் அதன் கடைசி வரிகளை மட்டும் காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. கறுப்புத் திரை ஆசாமிகளுக்கு அது கை பழகின பழக்கம், எதைப் பார்க்கவும் முதலில் வாலைத்தான் பிடிப்பார்கள். கடைசியிலிருந்து சில நம்பர்களை எடுத்து டேட்டாபேஸில் கேட்டான். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? கடைசியாக ஏறினதுதானே தங்கும். அவன் கேவலமாக நினைத்த அந்த அஸ்வின் மாதிரி எவனாவது கோப்பைத் திறந்து மவுஸால் மேலேயிருந்து உருட்டிக்கொண்டு வந்திருந்தால், ஒரே நம்பரில் அம்மா, பெண், மருமகள் என்று வரிசையாக இருப்பது கண்ணில் பட்டிருக்கும். உருட்ட அவனுக்கு வெட்கம்.

ஆவணி பிறந்தது. மூன்று கடைகளிலும் புதுத் திரை வந்தது. முன்பெல்லாம் பேரைத் தேடி, தெருவைக் கேட்டு, கடைசியில் அளவு டேப்பை எடுத்துத் திரும்ப அளப்பார்கள். இப்போது நம்பர் சொன்னதும் பச்சை டிக். துணியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தாரணி ஒரு சாயங்காலம் தி. நகரிலிருந்து கை வீசிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, நிசாவுல இப்ப என்ன வேகம் தெரியுமா! நம்பர் சொன்னேன், அளவு இருக்கு, போயிட்டு வாங்கக்கான்னுட்டா. பட்டுப்புடவையோட பிளவுஸ் பிட்டைக் குடுத்துட்டு வந்துட்டேன். கையில ஆரி வொர்க், மயில் போடச் சொல்லியிருக்கேன்."

ராம்குமார் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "நிசாவா? உங்க டெய்லர் நிசாவா?"

"எத்தனை வருஷமா அங்கதானே குடுக்கிறோம். நானும் அத்தையும்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நொடி யோசித்திருப்பார்கள். ராம்குமாருக்கு மார்பு விம்மியது. அந்த வேகம் யாருடையது என்று மனைவிக்கு விளக்கமாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் போனபோது மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் சொன்னான். மாமியார், "அப்படியா மாப்பிள்ளை, நம்ம நிசாவா!" என்று வாயைப் பிளந்தது அவனுக்கு அமிர்தமாக இருந்தது. அஸ்வினைப் பார்த்து, "உங்க பேங்க்ல ஒரு என்ட்ரி போட மூணு பேர் கையெழுத்து கேட்பீங்க. இங்க மூணு கடை அளவும் ஒரே கட்டளை. எர்ரர்ஸ் ஜீரோ" என்றான். அஸ்வின் சிரித்தான். அவன் நல்ல சுபாவம் உள்ளவன், அதையும் ராம்குமார் முட்டாள்தனம் என்றே கணக்கு வைத்திருந்தான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில் பிளவுஸ் வந்தது. மாம்பழ மஞ்சள் புடவை, அரக்கு பார்டர், அதே அரக்கில் பிளவுஸ், இரண்டு கையிலும் மயில். புடவையோடு கூடவே நெய்து வருகிற துணி அது. வெட்டி எடுத்த பிறகு அதே நிறத்தில், அதே ஜரிகையில் இன்னொரு துண்டு எங்கே தேடினாலும் கிடைக்காது. தாரணி கவரைப் பிரித்து மயிலைத் தடவிப் பார்த்துவிட்டு, போட்டுப் பார்க்க உள்ளே போனாள். ராம்குமார் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். சாய்சரண் மறுநாள் டெக்னிக்கல் ஹெட் என்று அறிவிப்பு அனுப்புவதாகச் சொல்லியிருந்தான்.

உள்ளேயிருந்து தாரணியின் குரல் கேட்டது. "அத்தை, இங்க கொஞ்சம் வாங்களேன். கையைப் பிடிச்சு இழுங்க."

"ஏட்டி, முழங்கைக்கு மேல ஏறலியே. தையல் விட்டுரும், இழுக்காத."

"நல்லா பாருங்க அத்தை. அளவு இருக்குன்னுதானே சொன்னா."

"டெய்லருங்க புத்தி டெய்லருங்க புத்திதான்" என்று ராம்குமார் ஹாலிலிருந்தே சத்தமாகச் சொன்னான். "நாம சரியான அளவு குடுத்தாலும் அவனுங்க கத்தரி கோணலாத்தான் போகும். பிரிச்சுத் தைக்கச் சொல்லு."

"பிரிக்க உள்ள துணியே இல்லங்க. ரொம்பச் சின்னதா வெட்டியிருக்காங்க."

பிறகு அம்மா ஹாலுக்கு வந்து நின்றாள். சண்முகவடிவு ஒல்லியான பெண்மணி. கை இரண்டும் குச்சி மாதிரி இருக்கும். அந்தக் குச்சிக் கைகளில் மயில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தோள், கழுத்து, இடுப்பு, எங்கேயும் ஒரு சுருக்கம் கிடையாது.

"ஏ ராமு, இங்க பாரேன். எனக்கு அளவெடுத்த மாரில்லா இருக்கு!" என்று அம்மா வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

ராம்குமார் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான், மயிலைப் பார்த்தான், அம்மாவுக்குப் பின்னால் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்ற தாரணியைப் பார்த்தான். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது, அவ்வளவு வேலை தெரிந்தவன்தானே. லேப்டாப்பில் தன் நம்பரையே தட்டிக் கேட்டான். டேட்டாபேஸ் தாமதமில்லாமல் பதில் சொன்னது. வடிவு அம்மா, மார்பளவு இவ்வளவு, கை இவ்வளவு. கோப்பில் தன் நம்பரைத் தேடினான். இரண்டு வரி இருந்தது. மேலே தாரணி. அதற்கு ரொம்பக் கீழே, பங்குனியில் தைத்த வெள்ளைப் பிளவுஸுக்காக எடுத்த அளவு, வடிவு அம்மா. அவன் பெருக்கித் தள்ளிய குப்பையில் அவன் மனைவியும் போயிருந்தாள். அவளைப் போல எத்தனை வீட்டுப் பெண்கள் போனார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பயம் வந்தால் மனிதன் ஒன்று அழுவான், இல்லாவிட்டால் அடுத்தவர்மேல் பாய்வான். ராம்குமார் பாய்ந்தான்.

"உங்களை யாரு எல்லாரும் ஒரே நம்பரைக் குடுக்கச் சொன்னது? ஆளுக்கு ஒரு போன் இருக்கில்ல? அறிவு வேணாம்?"

அம்மா மிரண்டுபோய் மருமகளைப் பார்த்தாள். தாரணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான்" என்றாள்.

அத்தையின் பின்னால் போய் நின்று கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிளவுஸை வாங்கி, மயில் மடங்காமல் மடித்துக் கவரில் போட்டாள். திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குத் திட்டியிருப்பான், கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உதடு லேசாக ஒரு பக்கம் கோணியது. அந்தக் கோணலை அவன் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

தி. நகர் கடைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது வாசல் வரை பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் கவர். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அவள் தங்கையின் அளவில் வெட்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற தங்கை. அந்தப் பெண்ணின் அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. இன்னொரு பெண்ணுக்கு மாமியார் அளவு, அவளுக்கு இரண்டு பேர் நுழைகிற பிளவுஸ். அது கூடப் பரவாயில்லை, பெரியதைப் பிடித்துத் தைக்கலாம், சிறியதை யார் பெரிதாக்குவது? அஸ்மத்துன்னிசா மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து கவுண்டருக்குள் நின்றிருந்தாள். ராம்குமாரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வா தம்பி. அன்னைக்கு வேற எதுவும் தெரியாதுன்னு சொன்ன பாரு, அது நெசம்தான்."

"மேடம், டேட்டா எங்கயும் போகல. கோப்பு என்கிட்ட இருக்கு. நம்பரோட பேரையும் சேத்து டோக்கனா வெச்சுட்டா—"

"பேரே தேவையில்லைன்னது யாரு?"

"நீங்களும்தானே மேடம் கேட்கக் கூடாதுன்னீங்க."

"நான் துணி வெட்றவ. நீ?"

கூட்டத்துக்கு நடுவே, ஒரு ஓரமாகக் கிடந்த ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தான். போன் அடித்தது. சாய்சரண். "மச்சி, அந்த ஹெட் மேட்டர் இப்போதைக்கு வேணாம், அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அப்புறம் என்றால் எப்போது என்று ராம்குமாருக்குத் தெரியும். அப்படிச் சொல்லிப் பல பேரை அவனே அனுப்பியிருக்கிறான்.

நம்பரோடு பேரையும் சேர்த்து, எல்லா வரிகளையும் திரும்ப ஏற்றினான். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை கோப்பில் இருந்த அத்தனையும் உள்ளே இருந்தது. எர்ரர்ஸ், ஜீரோ. திரையைத் திருப்பி அஸ்மத்துன்னிசாவுக்குக் காட்டினான். அவள் பார்க்கவில்லை. வெட்டிப்போட்ட ஒரு நீலப் பட்டுத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எங்கேயாவது ஒட்டுப் போட முடியுமா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். கத்தரி பட்ட துணிக்கு அந்த வசதி கிடையாது.

தாரணியும் வந்திருந்தாள். அவனோடு வரவில்லை, தனி ஆட்டோவில் வந்தாள். வழியில் மேட்சிங் சென்டரில் இறங்கி அரக்குக்குப் பக்கத்து நிறத்தில் ஒரு துணி வாங்கியிருந்தாள். ஜரிகை கிடையாது, மயில் கிடையாது. தங்கையின் முகூர்த்தத்தில் அக்கா அந்தப் புடவைக்கு அந்த மொட்டைத் துணியைப் போட்டுக்கொண்டு மேடை ஏறப் போகிறாள். கோட்டூர்புரத்துச் சொந்தமெல்லாம் பார்க்கும், மாப்பிள்ளையின் சிஸ்டத்தைப் பற்றிக் கேட்கும். ராம்குமார் அவள் நின்ற பக்கம் தலையைத் திருப்பவில்லை. இரண்டாவது தடவையும் ஏதாவது தவறிவிடுமோ என்ற பயத்தில், கவுண்டரில் பதிவாவதெல்லாம் தன் கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடுகிற மாதிரி வைத்துக்கொண்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஓகே என்று வந்துகொண்டிருந்தது.

கவுண்டர் பெண் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூப்பிட்டாள். "வாங்கக்கா, இந்த வாட்டி கையாலயே அளந்துடறேன். நம்பர் சொல்லுங்க."

சலசலப்பில் பதில் அவன் காதில் விழவில்லை. திரையில் ஒரு புது நம்பர் ஓடியது. கோப்பில் இல்லாத நம்பர், அவனுக்குப் பழக்கமில்லாத நம்பர். இத்தனை வருஷமாக அவன் போனில் அது வெறும் 'வீடு' என்றுதான் இருந்தது, எண்களைப் பார்க்க அவசியமே வந்ததில்லை. யாரோ புது வாடிக்கை என்று நினைத்தான். நம்பருக்குப் பக்கத்தில் பேர் வந்தது. தாரணி. கீழே ஓகே.

கவுண்டருக்கு முன்னால் நின்றிருந்த தாரணியின் கைப்பையிலிருந்து டிங் என்று மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. ராம்குமார் தன் போனை எடுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.